கழுத்துக்கு மேலேயும் உடம்புதான்

பேருந்து நிலையத்தில் ஒருவர் திடீரென்று கீழே விழுகிறார். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயோரம் நுரை தள்ளுகிறது. கூட்டம் கூடிவிடுகிறது. "சாவி, சாவி... இரும்பு ஏதாவது குடுங்கப்பா" என்று யாரோ கத்த, இரண்டு பைக் சாவிகளும் ஒரு கடைச் சாவிக்கொத்தும் விழுந்தவர் கைக்குள் திணிக்கப்படுகின்றன. சற்று நேரத்தில் இழுப்பு நிற்கிறது. சாவி கொடுத்தவர் நிம்மதியாகத் தன் பைக்கைப் பார்க்க நடக்கிறார். இரும்புதான் காப்பாற்றியது என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகமில்லை.

வலிப்புகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். சாவி கிடைக்காமல் போயிருந்தாலும் அவர் எழுந்திருப்பார். அந்த நேரத்தில் உண்மையில் உதவும் காரியங்கள் சில உண்டு. பக்கத்தில் கல், கம்பி இருந்தால் நகர்த்த வேண்டும். தலைக்கு அடியில் துண்டையோ பையையோ வைக்கலாம். சட்டைக் காலரைத் தளர்த்தலாம். இழுப்பு நின்றதும் எச்சில் வெளியே வடியும்படி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பல்லுக்கு நடுவே கரண்டி, துணி என்று எதையும் வைக்கக் கூடாது. முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரும் சோடாவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

மூளையில் ஒரு கூட்டம் நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுமீறி மின்துடிப்புகளை அனுப்புவதுதான் வலிப்பு. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அந்த மாத்திரைச் சீட்டு பல வீடுகளில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடென்றால் இன்னும் ஆழமாக. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இடம் கொடுத்த வாசகம் இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999இல்தான் நீக்கப்பட்டது.

கை உடைந்தால் மாவுக்கட்டு போடுகிறோம்; கட்டின்மேல் நண்பர்கள் கையெழுத்துகூடப் போடுகிறார்கள். மஞ்சள்காமாலை வந்தால் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தியம் கேட்கிறோம். கழுத்தைத் தாண்டியதும் விதி மாறிவிடுகிறது. வலிப்பு என்றால் காத்துக் கருப்பு, மறதி என்றால் வயசுக் கோளாறு, மனச்சோர்வு என்றால் வேலைவெட்டி இல்லாத கொழுப்பு, மனச்சிதைவு என்றால் செய்வினை. மூளையும் ரத்தம் ஓடும், சத்து கேட்கும், காயப்படும், ஆறும் ஓர் உறுப்புதான் என்பது பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் வருவதற்கு அது வெகுநாள் எடுத்துக்கொள்கிறது.

எடை கொஞ்சம், பசி அதிகம்

வளர்ந்த ஒருவரின் மூளை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ. உடல் எடையில் 2 விழுக்காடுதான். ஆனால் உடம்பு செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நரம்பணுக்கள் 10,000 கோடி என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. பிரேசில் விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர் மூளைத் திசுவைக் கரைத்து அணுக்களின் உட்கருக்களை எண்ணிப் பார்த்து, 2009இல் அதைச் சுமார் 8,600 கோடி என்று திருத்தினார்கள்.

இத்தனை அணுக்களுக்கும் சொந்தமாகச் சேமிப்புக் கிடங்கு கிடையாது. ஆக்சிஜனும் சர்க்கரையும் ரத்தத்தில் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் மூளை மருத்துவத்தில் பாதி, ரத்தக்குழாய் மருத்துவம்.

காலையில் தாத்தா காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை நழுவுகிறது. குடித்த காபி ஒரு பக்க வாயோரம் வடிகிறது. "ராத்திரி பனியில படுத்திருப்பாரு, கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்" என்று பாட்டி போர்வை போர்த்திவிடுகிறார். மதியம் பேச்சு குழறுகிறது. சாயங்காலம் மகன் வேலையிலிருந்து வந்த பிறகுதான் "வாதம் அடிச்சிருச்சோ" என்ற சந்தேகமே எழுகிறது. சில ஊர்களில் அதற்கப்புறமும் புறா ரத்தம் தேய்க்க அழைத்துப் போகிறார்கள்.

பக்கவாதம் மூளைக்கு வருகிற நோய். கையும் காலும் சேதி சொல்பவை மட்டுமே. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டுக் காட்டினார். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்த்தாக வேண்டும்; கசிவு இருக்கும்போது அந்த ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி.

பக்கவாதத்துக்கு முதல் பெருங்காரணம் உயர் ரத்த அழுத்தம். அது அறிகுறி காட்டாமலே வருடக்கணக்கில் குடியிருக்கும். "தலை சுத்தல, மயக்கம் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் ஏமாறுவது இங்கேதான். அமெரிக்காவில் 9,361 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. மேல் அழுத்தத்தை 140க்குக் கீழே வைத்திருந்தவர்களைவிட, 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களிடம் மறதி நோயின் முன்கட்டமான அறிவுத்திறன் சரிவு 19 விழுக்காடு குறைவாக இருந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து வீடு தேடி வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தக் கையில் கட்டும் பட்டை, இதயத்துக்கு எவ்வளவோ அவ்வளவு மூளைக்கும் வைத்தியம்.

மறதி எங்கே தொடங்குகிறது

வயதானால் மறதி வருவது இயல்பு. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது அந்த வகை. கண்ணாடி எதற்கு என்றே தெரியாமல் போவது நோய். டிமென்ஷியா எனப்படும் இந்த மறதி நோயை விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை என்பதைச் சொல்ல 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் ஒரு பட்டியல் தந்தது. நாம் மாற்றக்கூடிய காரணங்கள் 14. குறைந்த படிப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை நோய், உடல் பருமன், புகை, அளவுமீறிய மது, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை, காற்று மாசு. இவை அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகில் மறதி நோயில் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது ஆணையத்தின் மதிப்பீடு.

பட்டியலில் பலரையும் ஆச்சரியப்படுத்துவது காது. "அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதோடு வீடு நின்றுவிடுகிறது. காது கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து விலகுவார். கல்யாண வீட்டில் ஓரமாக நாற்காலி போட்டு உட்காருவார். சிரிப்பவர்களைப் பார்த்துச் சிரித்துவைப்பார். மூளைக்கு வந்துகொண்டிருந்த சொற்களும் குறையும், மனிதர்களும் குறைவார்கள். அமெரிக்காவில் 977 முதியவர்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், காது மெஷின் பொருத்தியது எல்லோருக்கும் ஒரேபோலப் பலன் தரவில்லை. ஆனால் மறதிக்கான ஆபத்து ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களிடம் மூன்றாண்டுகளில் அறிவுத்திறன் குறையும் வேகம் ஏறத்தாழப் பாதியாகியது. கண்ணாடி மாட்டிக்கொள்ள வெட்கப்படாத வீடுகள், காது மெஷினுக்கு மட்டும் "கிழவனாக்கிடாதீங்க" என்று மறுப்பதைக் காது மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

தலைக்காயத்துக்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. ஓட்டுபவர் ஹெல்மெட் மாட்டியிருக்க, பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் மனைவியும் நடுவில் குழந்தையும் வெறுந்தலையோடு போகும் காட்சி எல்லா ஊரிலும் உண்டு. மண்டை ஓடு ஒன்றுதான். உட்காரும் இடத்தைப் பார்த்து அது கெட்டிப்படுவதில்லை.

நினைவு மூளைக்குள் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு முதல் தெளிவான பதில் ஒரு சோகத்திலிருந்து கிடைத்தது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு ஓயாத வலிப்பு. 1953இல், அவருக்கு 27 வயதாகும்போது, அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைப் பெருமளவு நீக்கினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றோடு அவருக்குப் புதிய நினைவுகள் பதிவது நின்றுபோனது. சற்றுமுன் கைகுலுக்கியவர் வெளியே போய்த் திரும்பி வந்தால் புது ஆள். கனடாவின் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தைக் கோடு தாண்டாமல் வரைய வேண்டும். நாளுக்கு நாள் மொலைசனின் கை தேறியது. ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் தடவை. நடந்ததை நினைவில் வைக்கும் இடம் வேறு, கை பழகும் இடம் வேறு என்று அந்தக் கோடுகள் காட்டின. 2008இல் தமது 82ஆம் வயதில் அவர் இறக்கும்வரை நரம்பியலில் அவர் பெயர் வெறும் எச்.எம்.

அதே ஹிப்போகாம்பஸ் வளரவும் செய்யும் என்று காட்டியவர்கள் லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள். உரிமம் பெற வேண்டுமானால் நகரின் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தயாராவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். எலினோர் மெக்வயர் 2000ஆம் ஆண்டில் அவர்களுடைய மூளையை ஸ்கேன் செய்தபோது ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. ஒருவேளை பெரிய ஹிப்போகாம்பஸ் உள்ளவர்கள்தான் டாக்ஸி ஓட்ட வருகிறார்களோ? அந்தச் சந்தேகத்தையும் 2011இல் தீர்த்தார்கள். பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்ததில், தேர்ச்சி பெற்ற 39 பேரிடம் மட்டுமே வளர்ச்சி தெரிந்தது.

தெருக்களை மனப்பாடம் செய்ய முடியாதவர்கள் அவற்றில் நடக்கலாம். அமெரிக்காவில் 120 முதியவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வேகநடை போடவைத்தார்கள். இன்னொரு குழு உடம்பை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தது. ஓராண்டு முடிவில், நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 விழுக்காடு கூடியிருந்தது, மற்றவர்களுடையது 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது.

உறக்கமும் உப்பும்

தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படிக்கும் பிள்ளைக்கு அம்மா டீ போட்டுக் கொடுப்பது பாசம்தான். பகலில் படித்தது நிலையான நினைவாகப் பதிவதற்கு உறக்கம் வேண்டும் என்பதால் அந்த டீ இரண்டு பக்கமும் நட்டம். 2013இல் மைக்கென் நெடர்கார்டு குழுவினர் எலிகளிடம் செய்த ஆய்வில், உறங்கும்போது மூளை அணுக்களுக்கு இடையிலுள்ள வெளி அகன்று, திரவம் கூடுதலாக ஓடி, அல்சைமர் நோயில் படியும் அமிலாய்டு புரதம் உள்ளிட்ட கழிவுகள் வேகமாக வெளியேறுவதைக் கண்டார்கள். தெருவைப் பெருக்க ஆள் நடமாட்டம் அடங்கும் நேரத்தை நகராட்சி தேர்ந்தெடுப்பதைப் போன்றது இது. இந்தக் கழிவகற்றல் எப்படி நடக்கிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்றும் வாதம் நடக்கிறது. பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்பதில் வாதம் இல்லை. பெருங்குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்கள் எட்டு மணி நேரம் படுத்தாலும் அந்தக் கணக்கு நிறையாது. அவர்கள் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை வல்லாரைத் துவையல், ஊறவைத்த பாதாம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கைப் பட்டியல் உண்டு. வல்லாரை நல்ல கீரை. தேர்வு வாரத்தில் மட்டும் சாப்பிட்டு மதிப்பெண்ணை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மூளைக்கு நிச்சயமாக வேண்டிய ஒரு பொருள் உப்பு டப்பாவில் இருக்கிறது: அயோடின். கருவிலும் முதல் ஆண்டுகளிலும் அயோடின் போதாவிட்டால் தைராய்டு சுரப்பு குறைந்து, குழந்தையின் மூளை வளர்ச்சி நிரந்தரமாகப் பாதிக்கப்படும். இமயமலை அடிவாரத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே, அயோடின் குறைவால் வரும் முன்கழுத்துக் கழலை குறைவதைக் காட்டியது. 1962இல் இதற்கான தேசியத் திட்டம் வந்தது. தூத்துக்குடி உப்பளங்கள் இருக்கும் நம் மாநிலத்தில் மூட்டைக் கல் உப்பு கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிறது. வாங்கும்போது அயோடின் சேர்த்ததா என்று பையைப் பார்ப்பது கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு மிக முக்கியம்.

இன்னொன்று, காய்கறியைக் கழுவுவது. பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் மனிதக் கழிவு கலந்த மண்ணிலிருந்து கீரை, சாலட் வழியே வயிற்றுக்குள் போய், மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். பன்றி இறைச்சியைத் தொடாத சுத்த சைவருக்கும் இது வரும். ஸ்கேனில் தெரியும் இந்தச் சிறு கட்டிகளை ஒரு காலத்தில் காசநோய்க் கட்டி என்றே எண்ணி, மாதக்கணக்கில் அதற்கான மருந்து கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை புழுவால் வந்தவை என்று நிறுவியதில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேதாந்தம் ராஜசேகர் குழுவினரின் ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

மனம் என்று சொல்லி ஒதுக்கியவை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநில மனநோய் விடுதிகளில் ஒரு விசித்திரக் கூட்டம் இருந்தது. தோல் வெயில்பட்ட இடமெல்லாம் கறுத்து உரிந்தது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, புத்தி பேதலித்தது. தொற்றுநோய் என்று பயந்தார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர் 1914இலிருந்து ஆராய்ந்து, விடுதி ஊழியர்கள் ஒருவருக்கும் இது வராததைக் கவனித்தார். நோயாளிகளின் தட்டில் மக்காச்சோள மாவும் பாகும்தான். பாலும் இறைச்சியும் சேர்த்ததும் நோய் போனது. பெலாக்ரா என்ற அந்த நோய்க்குக் காரணம் நயாசின் என்ற பி வைட்டமின் குறைவு என்பது 1937இல் தெளிவானது. நம் நாட்டில் மக்காச்சோளம் தின்னாத, வெள்ளைச் சோளம் தின்னும் தக்காணத்து ஏழைகளுக்கும் அது வருவதை 1960இல் எடுத்துக்காட்டியவர் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன். பைத்தியம் என்று பூட்டிவைக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் தேவைப்பட்டது நல்ல சாப்பாடு.

இன்றைக்கும் இந்தச் சரடு அறுபடவில்லை. தைராய்டு குறைந்தால் சோர்வும் அழுகையும் வரும். மனச்சோர்வு என்றே தோன்றும். பால்கூட அதிகம் சேர்க்காத சைவர்களுக்கும், வயதானவர்களுக்கும் பி12 குறைந்தால் மறதி, எரிச்சல், கால் மரமரப்பு. எதிர்த்திசையிலும் இது நடக்கும். மனச்சோர்வு உடம்பு வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

ஆரம்ப சுகாதார நிலையத்து வெளிநோயாளிப் பிரிவில் இந்தக் காட்சியைக் காணலாம். நாற்பது வயதுப் பெண், நாலாவது தடவையாக வந்திருக்கிறார். "உடம்பெல்லாம் வலி டாக்டர், தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது." ஈசிஜி சரியாக இருக்கிறது, ரத்தமும் சரி. வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினால் அடுத்த மாதம் மறுபடி வருவார். "தூக்கம் எப்படிம்மா? முன்னெல்லாம் பிடிச்ச வேலை இப்பவும் பிடிக்குதா?" என்று கேட்டால்தான் பேச்சு திரும்பும். கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா: உலகெங்கும் மருத்துவர்கள் முதல்கட்டச் சோதனையாகக் கேட்கும் இரண்டு கேள்விகள் இவை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இப்படியே போனால், பசியும் தூக்கமும் வேலையும் கெட்டால், அது சிகிச்சை கேட்கும் நிலை. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது.

மாத்திரையைப் பற்றியும் பயம் அதிகம். மனச்சோர்வுக்கு இப்போது பரவலாகத் தரப்படும் மாத்திரைகள் வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். குமட்டல் போன்ற தொந்தரவு முதல் வாரத்திலேயே வரும். அதனால் பலர் பலன் தொடங்குமுன்பே நிறுத்திவிடுகிறார்கள். அவை போதை தருபவை அல்ல. நிறுத்தும்போது மட்டும் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். உண்மையில் பழக்கமாகிவிடக்கூடியவை சிலவகைத் தூக்க மாத்திரைகளும் பதற்ற மாத்திரைகளும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஆண்டுக்கணக்கில் வாங்கிப் போடுவது அவற்றைத்தான்.

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேலாக ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. மனச்சோர்வு உள்ளிட்ட பெரும்பாலான கோளாறுகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சை பெறவில்லை.

சங்கிலியிலிருந்து சட்டம் வரை

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளிகள் விடுதியின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, விடுதிகள் மூடப்பட்டன. உறவினரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பக்கத்தில் மருத்துவம் இல்லை, தெரியவில்லை, தெரிந்தாலும் வெட்கம். பிறகு, குணம் வேண்டி நோயாளிகளை அழைத்துவரும் ஏர்வாடி தர்காவின் அருகிலேயே அரசு மனநல மருத்துவர்கள் சிகிச்சை தரத் தொடங்கினார்கள். பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லவில்லை; மருந்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. பாலிசி எடுக்கும்போது இதைக் கேட்டுவாங்கலாம்.

சென்னைக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. இன்றைய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் தொடக்கம் 1794. அந்த ஊர்ப் பெயரையே சினிமாவும் தெருப்பேச்சும் கேலிக்கு எடுத்துக்கொண்டன. அதே இடத்தில் 1961இலிருந்து 1978 வரை தலைமைப் பொறுப்பில் இருந்தவர் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என அறியப்படும் சாரதா மேனன். ஓய்வுக்குப் பின், 1984இல், மனச்சிதைவு நோயாளிகளுக்காகச் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மருந்தோடு வேலையும் வருமானமும் கிடைத்தால்தான் நோயாளி வீட்டில் ஓர் ஆளாக மதிக்கப்படுவார் என்பதால் தொழிற்பயிற்சியும் அங்கே சிகிச்சையின் பகுதி. 2021 டிசம்பரில் தமது 98ஆம் வயதில் அவர் காலமானார்.

இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. எல்லாச் சோர்வுக்கும் அவரையே நம்பினால் வரிசை நகராது. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு வேறு வழியைக் காட்டியது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு கடுமையாக இருந்தவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச வைத்தார்கள். பேச்சு வேலையைச் சுற்றித்தான்: சோர்வு வந்தபின் எதையெல்லாம் விட்டுவிட்டார், அதில் எந்தச் சிறு காரியத்தை இந்த வாரம் மறுபடி தொடங்கலாம், எந்த நாள், எத்தனை மணிக்கு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருக்கலாம், அக்காவுக்குப் போன் போடுவதாக இருக்கலாம். மனம் தேறியபின் வேலை செய்வோம் என்று காத்திருக்காமல், வேலையைத் தொடங்கி மனத்தைத் தேற்றும் முறை இது. விக்ரம் படேல் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்று மாதத்தில் இந்தக் குழுவில் 64 விழுக்காட்டினர் சோர்வு நிலையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காடு.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மனஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. "என் தம்பி ரெண்டு மாசமா ரூமை விட்டு வெளிய வரல" என்று அக்காவும் அழைக்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் நாள் போகும்போது, வீட்டில் கூட இருப்பவர் ஒருவர் உடன் போவது நல்லது. தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு எப்படி, எப்போதிலிருந்து மாற்றம் என்று குறித்துவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இதுவரை சாப்பிட்ட மாத்திரைச் சீட்டுகள், நாட்டு மருந்து, சித்த மருந்து எல்லாவற்றையும் எடுத்துப்போக வேண்டும். பெரும்பாலும் அங்கேயும் முதலில் பிபி பார்ப்பார்கள். பிறகு சர்க்கரை, தைராய்டு, பி12 பரிசோதனைக்கு எழுதித் தருவார்கள்.